777 விமான வகைகளை ஒப்பிடுவது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

போயிங் 777 குடும்பத்தில் 200, 200இஆர் (இஆர் என்றால் கூடுதல் தூரம்), 200எல்ஆர் (எல்ஆர் என்றால் நீண்ட தூரம்), 300, 300இஆர், சரக்கு விமானமான 777எஃப், இன்னும் வரவேண்டிய 777-8, 777-9 என்று ஒரு கூட்டமே இருக்கிறது. இவற்றை ஒப்பிட்டு ஒரு பக்கம் எழுத வேண்டுமென்றால் இணையத்தில் தேடி எடுத்து ஒட்டிவிடலாம் என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். தேடிப் பாருங்கள். ஒரே 300இஆர் ஒரு தளத்தில் 13,649 கிலோமீட்டர் பறக்கும், இன்னொன்றில் 14,000-ஐத் தாண்டும். ஓரிடத்தில் 396 இருக்கை, மற்றோரிடத்தில் 365. எது சரி என்று தேடப் போனால் நாள் போய்விடும். பெரும்பாலும் இரண்டும் சரியாகவே இருக்கும், அதுதான் தொல்லை.

இந்தக் குழப்பத்தில் சிக்கித் திணறி வெளியே வந்த பிறகு எழுதுகிறேன். செமினார் தயாரிக்கும் ஏரோநாட்டிக்கல் மாணவர்கள், விமான நிலைய வேலிக்கு வெளியே நின்று படம் எடுப்பவர்கள், சிமுலேட்டரில் விமானம் ஓட்டுபவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்திருக்கிறேன். வரலாறு இதில் இல்லை. எந்த ஆவணத்தை எடுப்பது, எந்த எண்ணை எதோடு வைப்பது, எங்கே கால் வழுக்கும் என்பது மட்டும்தான்.

1. கேள்வியை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்

"எது சிறந்தது" என்பதை வைத்துக்கொண்டு எந்த அட்டவணையும் போட முடியாது. "சுமையோடு அதிக தூரம் போவது எது", "ஒரு நடையில் அதிகம் பேரை ஏற்றுவது எது", "இந்த ஓடுபாதையிலிருந்து முழு எடையோடு கிளம்ப முடிவது எது" என்று கேட்டால் போடலாம். ஒரு கேள்வி, ஒரு வரி. அதற்கு வேண்டிய எண்களை மட்டும் சேகரியுங்கள். எல்லாவற்றையும் சேர்க்கிறேன் என்று கிளம்புகிறவர்களின் அட்டவணை பெரும்பாலும் பாதியில் நின்றுவிடுகிறது.

2. பெயரைச் சரிபாருங்கள்

முதல் பொறி இங்கேதான். 777 வகைகளுக்கு மூன்று விதமான பெயர்கள் புழங்குகின்றன, மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை.

முதலாவது சந்தைப் பெயர். 777-200இஆர் என்பது அப்படி ஒன்று. அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏ தரும் வகைச் சான்றிதழில் 200இஆர் தனி மாடலாக இல்லை. அங்கே 777-200, 777-300, 777-300இஆர், 777-200எல்ஆர், 777எஃப் என ஐந்துதான். 200இஆர் என்பது கூடுதல் எடைக்கு அனுமதி பெற்ற 200. ஆகவே சான்றிதழ் ஆவணத்தில் 200இஆர் என்று தேடிக் கிடைக்கவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். 200 பகுதியிலேயே பாருங்கள்.

இரண்டாவது, சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் நான்கெழுத்துக் குறி. விமானங்களைத் தொடரும் செயலிகளில் தெரிவது இதுதான். பி772 என்றால் 200-ஆகவும் இருக்கலாம், 200இஆர்-ஆகவும் இருக்கலாம். பி773 என்பது 300. பி77டபிள்யூ என்பது 300இஆர். கவனிக்க வேண்டியது பி77எல். 200எல்ஆர், 777எஃப் இரண்டுக்கும் அந்த ஒரே குறிதான். செயலியில் பி77எல் என்று பார்த்ததும் பயணிகள் விமானம் என்று குறித்துவிடாதீர்கள். எந்த நிறுவனத்தின் விமானம் என்று பார்த்துவிட்டு எழுதுங்கள், ஏனெனில் இன்று வானில் தெரியும் பி77எல்-களில் பெரும்பகுதி சரக்கு விமானங்கள்.

மூன்றாவது, வாடிக்கையாளர் எண் கலந்த பெயர். பதிவுத் தரவுகளில் 777-337இஆர், 777-312இஆர், 777-236இஆர் என்றெல்லாம் வரும். இவை புது வகைகள் அல்ல. கோட்டுக்கு அடுத்த முதல் இலக்கம்தான் வகை. மிச்ச இரண்டும் முதலில் வாங்கிய நிறுவனத்துக்குப் போயிங் கொடுத்த எண். 37 ஏர் இந்தியா, 12 சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், 36 பிரிட்டிஷ் ஏர்வேஸ். விமானம் கைமாறினாலும் இந்த எண் மாறாது. எமிரேட்ஸ் 1எச் என்பதால் அதன் விமானம் 777-31எச் என்று வரும். எழுத்தைப் பார்த்துப் பதற வேண்டாம், அதுவும் 300 குடும்பம்தான்.

நேரில் அடையாளம் காண வேண்டுமானால் பக்கவாட்டில் கதவுகளை எண்ணுங்கள். ஒரு பக்கம் நான்கு என்றால் 200 குடும்பம், ஐந்து என்றால் 300 குடும்பம். அப்புறம் இறக்கை நுனி. பின்னோக்கி வளைந்து கூராக முடிந்தால் எல்ஆர், 300இஆர் அல்லது சரக்கு விமானம். வெட்டினாற்போல் முடிந்தால் பழைய 200, 200இஆர், 300. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். 200-ஐயும் 200இஆரையும் மட்டும் வெளியிலிருந்து பார்த்துப் பிரிக்க முடியாது. அதற்குப் பதிவு எண்ணை வைத்துத் தேடத்தான் வேண்டும்.

3. ஆவணங்களை இறக்கிக்கொள்ளுங்கள்

வேண்டியவை எல்லாம் இலவசம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணம் கட்டி வாங்கும் ஒரு தரவுத்தளத்தில் நான் பார்த்த "சிறப்பு ஒப்பீட்டு அட்டவணை", தயாரிப்பாளர் இலவசமாகத் தரும் எண்களையே நிறம் மாற்றி வைத்திருந்தது. அடிக்குறிப்புகளை வேறு நீக்கியிருந்தார்கள்.

முதன்மையானது விமான நிலையத் திட்டமிடலுக்கான போயிங் கையேடு. 777-க்கு இது இரண்டாக வருகிறது. டி6-58329 என்பது 200, 200இஆர், 300 வகைகளுக்கு. டி6-58329-2 என்பது 200எல்ஆர், 300இஆர், சரக்கு விமானத்துக்கு. போயிங் தளத்தில் விமான நிலையங்களுக்கான பகுதியில் பிடிஎஃப் ஆகக் கிடைக்கும். ஓடுபாதை, நிறுத்துமிடம் கட்டுபவர்களுக்காக எழுதப்பட்டது என்பதால் விளம்பர வாசகமே இருக்காது, அதனாலேயே எனக்கு இது பிடிக்கும். எல்லாவற்றையும் படிக்க வேண்டாம். இரண்டாம் பகுதியில் எடைகளும் அளவுகளும் உட்புற அமைப்பும், மூன்றாம் பகுதியில் சுமை-தூர வரைபடமும் ஓடுபாதை நீள வரைபடங்களும் இருக்கும். ஒப்பீட்டுக்கு இந்த இரண்டு பகுதி போதும்.

இரண்டாவது, எஃப்ஏஏ-வின் வகைச் சான்றிதழ்த் தரவுத் தாள். 777-க்கு அதன் எண் டி00001எஸ்இ. ஐரோப்பிய ஆணையமான ஈயாசாவும் இதே போன்ற தாளை வெளியிடுகிறது. எந்த எஞ்சினுக்கு அனுமதி, உச்சபட்சம் எத்தனை பயணிகள், எந்த ஆண்டு சான்றிதழ் என்பதெல்லாம் இதில் உறுதியாகத் தெரியும்.

மூன்றாவதாக, தேவைப்பட்டால் மட்டும், ஐகாவோவின் எஞ்சின் உமிழ்வுத் தரவுத் தொகுப்பு. ஈயாசா தளத்தில் கிடைக்கிறது. இதில் எஞ்சினின் எரிபொருள் அளவு நான்கு நிலைகளில் கொடுக்கப்பட்டிருக்கும்: புறப்பாடு, ஏற்றம், இறக்கம், தரையில் நகர்தல். பொறி என்னவென்றால், இவை தரைமட்டத்தில் சோதனை மேடையில் அளந்தவை. உயரத்தில் நேராகப் பறக்கும்போது ஆகும் எரிபொருள் இதில் கிடையாது. இதை எடுத்து மணிக்கணக்கால் பெருக்கி "லண்டனுக்கு இவ்வளவு டன்" என்று போட்ட கட்டுரைகள் இணையத்தில் நிறைய உலவுகின்றன.

கையேட்டின் எந்தத் திருத்தப் பதிப்பிலிருந்து எடுத்தீர்கள் என்று மாதம், ஆண்டோடு ஓரத்தில் குறித்துவையுங்கள். பதிப்புக்குப் பதிப்பு சில எடைகள் மாறும். பிறகு யாராவது கேட்டால் பதில் சொல்ல இந்த ஒரு வரி போதும்.

4. அலகுகளை ஒரே நாளில் மாற்றி முடியுங்கள்

பவுண்டு, கிலோ, அமெரிக்க கேலன், லிட்டர், கடல் மைல், தரை மைல் எல்லாம் ஒரே பக்கத்தில் கலந்து கிடக்கும். மிகவும் ஆபத்தானது கடல் மைல். 300இஆர் 7,370 கடல் மைல் பறக்கும் என்று போயிங் சொன்னால் அது 13,649 கிலோமீட்டர். அதையே சாதாரண மைல் என்று எடுத்துப் பெருக்கினால் 11,861 கிலோமீட்டர் வரும். பார்க்க நம்பும்படியாகவே இருப்பதால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். கடல் மைலை 1.852-ஆல் பெருக்குங்கள்.

எரிபொருளில் இன்னொரு வேலை உண்டு. டாங்க் கொள்ளளவு லிட்டரில் இருக்கும், நமக்கு வேண்டியது எடை. போயிங் கையேடு ஒரு கேலனுக்கு 6.7 பவுண்டு என்று கணக்கிடுகிறது, லிட்டருக்கு 0.803 கிலோ. எல்லா வகைக்கும் இதையே வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு 0.8, இன்னொன்றுக்கு 0.803 என்று கலந்தால் அரை டன் காணாமல் போகும்.

5. எடைகளை வரிசைப்படுத்துங்கள், பாதி வேலை இங்கேதான்

நீளம், அகலம், இருக்கை, வேகம் என்று எத்தனையோ எண்கள் இருக்கின்றன. எனக்கு 777 வகைகளைப் புரியவைத்தவை எடைகள்தாம். நான்கே நான்கு.

அதிகபட்சப் புறப்பாட்டு எடை: ஓடுபாதையில் கிளம்பும்போது இதைத் தாண்டக் கூடாது. ஆவணங்களில் எம்டிஓடபிள்யூ.
இயக்கக் காலி எடை: பயணிகளும் சரக்கும் எரிபொருளும் இல்லாமல், பணியாளர்கள், உணவு வண்டி, இருக்கைகளோடு.
எரிபொருள் இல்லா அதிகபட்ச எடை: காலி எடையும் சுமையும் சேர்ந்து இதைத் தாண்டக் கூடாது.
டாங்க் நிறைய எரிபொருளின் எடை.

தரையிறக்க எடை என்று ஐந்தாவது ஒன்று இருக்கிறது. குறுகிய தூர ஒப்பீட்டுக்குத்தான் அது தேவைப்படும், இப்போதைக்கு விடுங்கள்.

டன்னில் எழுதினால் இப்படி வரும். வரிசை மேலே சொன்னதுதான்:

777-200இஆர்: 297.5 / 138.1 / 195.0 / 137.4
777-300: 299.4 / 160.5 / 224.5 / 137.4
777-200எல்ஆர்: 347.5 / 145.2 / 209.1 / 145.5
777-300இஆர்: 351.5 / 167.8 / 237.7 / 145.5

இனி இரண்டே கழித்தல்கள். மூன்றாம் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் உச்சபட்சச் சுமை கிடைக்கும். 300இஆருக்கு 69.9 டன், 200எல்ஆருக்கு 63.9, 300-க்கு 64.0, 200இஆருக்கு 56.9.

அடுத்து, முதல் எண்ணிலிருந்து காலி எடையையும் முழு டாங்க் எரிபொருளையும் கழியுங்கள். டாங்கை நிரப்பிவிட்டு மிச்சம் எவ்வளவு சுமை ஏற்றலாம் என்பது வரும்.

200இஆர்: 22.0 டன்
300: 1.5 டன்
200எல்ஆர்: 56.8 டன்
300இஆர்: 38.2 டன்

300-இன் எண்ணைப் பார்த்துவிட்டு மறுபடி கூட்டிப் பார்ப்பீர்கள். சரியாகத்தான் இருக்கிறது. டாங்கை நிரப்பினால் அந்த விமானத்தில் பயணிகளுக்கு இடமே இல்லை என்றாகிறது. ஒரு பயணிக்குப் பெட்டியோடு 95 கிலோ என்று வைத்து 370 பேரை ஏற்றினால் 35 டன் சுமை. அப்போது டாங்கில் முக்கால் பங்குதான் நிரப்ப முடியும். 200இஆரின் உடலைப் பத்து மீட்டர் நீட்டினார்கள், எடை வரம்பையோ இரண்டு டன்கூட உயர்த்தவில்லை. கூடுதலாக வந்த உடலின் எடை எரிபொருளிலிருந்து கழிந்தது. 300-இல் ஒப்படைக்கப்பட்டவை 60 மட்டுமே, 200இஆரில் 422. காரணம் இந்தக் கழித்தலிலேயே தெரிகிறது. பின்னால் வந்த 300இஆர் அதே நீளத்துக்கு 52 டன் அதிக வரம்போடு வந்து குடும்பத்திலேயே அதிகம் விற்றது.

எல்ஆர் கணக்கு வேறு மாதிரி சுவாரசியமானது. 200எல்ஆர், 300இஆர் இரண்டுக்கும் அடிப்படை டாங்க் ஒன்றே, 181,283 லிட்டர். எல்ஆர் அதிக தூரம் போவது அதிக எரிபொருளால் என்று பலரும் எழுதுகிறார்கள். அடிப்படை அமைப்பில் அப்படி இல்லை. காலி எடை 22 டன்னுக்கு மேல் குறைவு என்பதுதான் விஷயம். அதோடு, 317 பயணிகள் என்று வைத்தால் சுமை சுமார் 30 டன். காலி எடை, சுமை, முழு எரிபொருள் மூன்றையும் கூட்டினால் 321 டன்தான். வரம்போ 347. அதாவது, பயணிகளை மட்டும் ஏற்றிய எல்ஆரை நிறுத்துவது எடை வரம்பு அல்ல, டாங்க்தான். சரக்குப் பகுதியில் மூன்று கூடுதல் டாங்குகள் வரை வைத்து 202,570 லிட்டர் ஆக்கலாம் என்று போயிங் விருப்பத் தேர்வு கொடுத்தது இதனால்தான். மிச்சமிருக்கும் அந்த 26 டன்னைச் சரக்கால் நிரப்ப முடிகிற நிறுவனத்துக்கு எல்ஆர் அருமையான விமானம். மற்றவர்களுக்கு அது தேவைக்கு மிஞ்சிய கனம். 60 சொச்சம்தான் விற்றது.

இங்கே இரண்டு எச்சரிக்கை. கையேட்டில் 200இஆர், 300 ஆகியவற்றுக்கு ஒரே ஒரு புறப்பாட்டு எடை இருக்காது, பல நெடுவரிசைகள் இருக்கும். 580,000 பவுண்டில் தொடங்கி 200இஆருக்கு 656,000 வரை, 300-க்கு 660,000 வரை போகும். வாங்குபவர் குறைந்த எடைக்கு மட்டும் அனுமதி பெறலாம், ஏனெனில் பல விமான நிலையங்கள் தரையிறங்கும் கட்டணத்தை எடையை வைத்தே வாங்குகின்றன. ஒப்பிடும்போது எல்லா வகைக்கும் உச்ச நெடுவரிசையையே எடுங்கள், அல்லது எதை எடுத்தீர்கள் என்று எழுதுங்கள். இரண்டாவது, காலி எடை என்பது தயாரிப்பாளர் காட்டும் அடிப்படை அமைப்புக்கானது. படுக்கை இருக்கைகளும் கனமான சமையல் பகுதியும் வைத்த உண்மையான விமானம் இதைவிடச் சில டன் கூடும். கையேட்டின் அடிக்குறிப்பும் அதையே சொல்கிறது, யாரும் படிப்பதில்லை.

6. தூர எண்ணை நம்புவதற்கு முன்

இப்போது சுமை-தூர வரைபடத்தைத் திறங்கள். முதலில் படுத்த கோடு, பிறகு சாய்ந்த கோடு, கடைசியில் செங்குத்தாக விழும் கோடு. படுத்த கோட்டில் வரம்பு எரிபொருள் இல்லா எடை. சாய்ந்த கோட்டில் புறப்பாட்டு எடை. சுமையை இறக்கி எரிபொருளை ஏற்றிக்கொண்டே போகிறோம். செங்குத்துக் கோட்டில் டாங்க் நிறைந்துவிட்டது, சுமையைக் குறைத்தாலும் தூரம் கொஞ்சம்தான் கூடும். மேலே கண்ட கழித்தல்களின் விடைகள் இந்த மூன்று கோடுகள் சந்திக்கும் மூலைகளில் அப்படியே உட்கார்ந்திருக்கும். உங்கள் கணக்கைச் சரிபார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

விளம்பரத்தில் வரும் ஒற்றைத் தூர எண் இந்தக் கோட்டின் மேல் ஏதோ ஒரு புள்ளி. 300இஆரின் 13,649 கிலோமீட்டர் 396 பயணிகளுக்கானது. 396-ஐ 95-ஆல் பெருக்கினால் 37.6 டன்; முழு டாங்குக்கு மிஞ்சும் 38.2 டன்னுக்குக் கிட்டத்தட்ட அதுவே. 200எல்ஆரின் 15,843 கிலோமீட்டர் 317 பயணிகளுக்கு.

அப்படியானால் 14,000-க்கு மேல், 17,000-க்கு மேல் என்று சில தளங்களில் இருப்பவை? அவை போயிங்கின் பழைய அளவுகோல். முன்பு மூன்று வகுப்பு, குறைந்த இருக்கை என்று கணக்கிட்டு வந்தார்கள். பிறகு இருக்கை எண்ணிக்கையையும் கணக்கிடும் முறையையும் மாற்றிப் புது எண்களை வெளியிட்டார்கள். விமானம் சுருங்கவில்லை, முழக்கோல்தான் மாறியது. ஒரு வகைக்குப் பழையது, இன்னொன்றுக்குப் புதியது என்று எடுத்தால் ஒப்பீடு செத்தது. 365 இருக்கை என்று பார்த்தால் பழைய கணக்கு, 396 என்றால் புதியது என்று அடையாளம் வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு எண்ணும் அடிக்கடி கண்ணில் படும்: 21,602 கிலோமீட்டர். 2005 நவம்பரில் ஹாங்காங்கிலிருந்து கிழக்கு நோக்கிச் சுற்றி லண்டனுக்கு 22 மணி 42 நிமிடம் பறந்த 200எல்ஆரின் சாதனை அது. கட்டணப் பயணிகள் இல்லாத, விமானத்தில் சில பத்துப் பேரே இருந்த பறப்பு. அதைத் தூர நெடுவரிசையில் போடக் கூடாது.

7. இருக்கை எண்ணிக்கையை வகையின் குணமாக எழுதாதீர்கள்

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 300இஆரில் 264 இருக்கை வைத்தது. ஏர் இந்தியா 342. ஏர் பிரான்ஸ் தன் கடல்கடந்த பிரதேசங்களுக்குப் போகும் விமானத்தில் 468. மூன்றும் ஒரே 300இஆர்தான். "777-300இஆரில் இத்தனை இருக்கை" என்று யாராவது எழுதினால், எந்த நிறுவனத்தில் என்று கேளுங்கள். ஒரு வரிசைக்கு ஒன்பதா பத்தா என்பதிலேயே எண்ணிக்கை பத்து விழுக்காட்டுக்கு மேல் மாறுகிறது, உடம்பின் அகலம் மாறாமலே.

வகைகளுக்கிடையே நியாயமாக ஒப்பிட இரண்டு வழி. ஒன்று, சான்றிதழ்த் தாளில் உள்ள உச்ச வரம்பு: 200 குடும்பத்துக்கு 440, 300 குடும்பத்துக்கு 550. அவசர வாசல்களை வைத்துத் தீர்மானித்த எண் என்பதால் யாருடைய விருப்பமும் அதில் கலக்காது. மற்றது, ஒரே நிறுவனம் இரண்டு வகையையும் வைத்திருந்தால் அவர்களுடைய இருக்கை வரைபடங்களை எடுப்பது.

8. இறக்கை, வாயில், ஓடுபாதை

200, 200இஆர், எல்ஆர், சரக்கு எல்லாம் 63.73 மீட்டர் நீளம். 300-உம் 300இஆரும் 73.86. இறக்கை அகலம் பழையவற்றுக்கு 60.93, எல்ஆர், 300இஆர், சரக்கு விமானத்துக்கு 64.80.

அந்த 64.80 தற்செயல் அல்ல. ஐகாவோ விதியில் 52 முதல் 65 மீட்டருக்குள் இருந்தால் ஈ பிரிவு; 65-ஐத் தொட்டால் எஃப் பிரிவு, அதாவது ஏ380 நிற்கும் அளவுள்ள இடம் வேண்டும். 777-9-இன் இறக்கை விரித்தால் 71.75 மீட்டர், தரையிறங்கியதும் நுனிகள் மடிந்து 64.85 ஆகிவிடும். அதனால் பழைய 777 நின்ற இடத்திலேயே நிற்கலாம். 777-9 பற்றி எழுதும்போது இரண்டு அகலத்தையும் போடுங்கள். ஒன்றை மட்டும் போட்டால் பாதிக் கதை.

ஓடுபாதை நீளத்துக்குக் கையேட்டில் சாதாரண வெப்பத்துக்கு ஒரு வரைபடமும், அதைவிட 15 டிகிரி கூடிய வெப்பத்துக்கு இன்னொன்றும் இருக்கும். கடல்மட்டத்தில் இரண்டாவது என்றால் 30 டிகிரி. சென்னை போன்ற ஊருக்குப் பார்ப்பவர்கள் இரண்டாவதைத்தான் எடுக்க வேண்டும். மே மாத மதியத்துக்கு அதுவும் போதாது. எஞ்சினுக்கு எஞ்சின் வரைபடம் தனித்தனி என்பதையும் மறக்க வேண்டாம்.

9. எஞ்சினை வைத்து இரண்டாகப் பிரியுங்கள்

200, 200இஆர், 300 வகைகளுக்கு ஜிஇ90, பிராட் அண்ட் விட்னியின் பிடபிள்யூ4000, ரோல்ஸ் ராய்ஸ் டிரென்ட் 800 என மூன்று தேர்வு. எல்ஆர், 300இஆர், சரக்கு விமானத்துக்கு ஜிஇ90-இன் பெரிய வடிவம் மட்டும்; அதன் விசிறி 325 சென்டிமீட்டர் அகலம். 300இஆரில் இருக்கும் ஜிஇ90-115பி ஒவ்வொன்றும் 115,300 பவுண்டு உந்துவிசை தரும். 777-8, 777-9-க்கு ஜிஇ9எக்ஸ்.

எனவே "200இஆர் எதிர் 300இஆர்" என்று மட்டும் எழுதினால் போதாது. 200இஆரில் எந்த எஞ்சின் என்று குறியுங்கள். காலி எடையும் ஓடுபாதை நீளமும் அதைப் பொறுத்து மாறும்.

10. விலை

போயிங் பட்டியல் விலை வெளியிட்ட காலத்துக் கடைசி எண்களில் 300இஆர் 37 கோடி டாலருக்கு மேல், 777-9 44 கோடிக்கு மேல். அந்த விலையை யாரும் கொடுத்ததில்லை. பெரிய வாங்குபவர்களுக்குத் தள்ளுபடி தாராளம், அது ரகசியமும்கூட. விலை நெடுவரிசையை விட்டுவிடுவதே நல்லது என்பது என் கருத்து. ஆசிரியர் கட்டாயம் கேட்டால் "பட்டியல் விலை" என்று தலைப்பிட்டு ஆண்டையும் போடுங்கள்.

11. ஆகும் செலவு, ஆகும் நேரம்

செலவு இணையக் கட்டணம் மட்டும். வரைபடங்களைக் காகிதத்தில் எடுத்து அளவுகோல் வைத்துப் படிப்பது திரையில் படிப்பதைவிடத் துல்லியமாக வருகிறது. அச்சுக்குக் கொஞ்சம் காசு வையுங்கள். முழுக் கையேட்டை அச்சிட வேண்டாம், இரண்டாம் மூன்றாம் பகுதிகள் மட்டும்.

நேரத்தைப் பொறுத்தவரை, பெயரும் ஆவணமும் ஒரு மாலையில் முடிந்துவிடும். அலகு மாற்றமும் எடைக் கணக்கும் இன்னொரு மாலை. வரைபடத்திலிருந்து புள்ளிகளை எடுப்பதுதான் இழுக்கும். இரண்டு மூன்று நாள் ஒதுக்குங்கள், ஒரே புள்ளியை மறுநாள் மீண்டும் படித்துப் பாருங்கள். சமர்ப்பிக்கும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே தொடங்கினால் அவசரம் இருக்காது.

777-8, 777-9 நெடுவரிசைகளைக் கடைசியில், தனியாகப் போடுங்கள். 777-9 முதலில் பறந்தது 2020 ஜனவரியில். ஒப்படைப்பு பல முறை தள்ளிப்போய்விட்டது. அவற்றின் எண்கள் தயாரிப்பாளர் அறிவித்தவை, மற்றவற்றின் எண்கள் சான்றிதழ் பெற்று ஓடுபவை. இரண்டையும் ஒரே நிறத்தில் அச்சிடாதீர்கள்.

வேறு குடும்பங்களுக்கும் இதே முறை செல்லும். ஏர்பஸ்ஸும் இதே வகைக் கையேடுகளை இலவசமாகத் தருகிறது. அங்கே ஒவ்வொரு மாடலுக்கும் எடை வகைகள் எண் போட்டு வரிசையாக இருக்கும். ஏ330-300 ஒன்றிலேயே பல புறப்பாட்டு எடைகள், 242 டன் வரை போகின்றன, ஆகவே எது என்று பார்க்காமல் எடுக்காதீர்கள். பழக வேண்டுமானால் 787-9, 787-10 இரண்டையும் எடுங்கள். இரண்டுக்கும் நான் பார்த்த கையேட்டில் புறப்பாட்டு எடை ஒன்றே, 254 டன். ஆனால் 787-10 ஐந்தரை மீட்டர் கூடுதல் நீளம். அந்தக் கழித்தல்களைப் போட்டுப் பார்த்துவிட்டு, எது குறைந்த தூரம் போகும் என்று வரைபடத்தைத் திறப்பதற்கு முன்பே எழுதி வையுங்கள்.